சென்னியப்பனுக்கு வழி விடுங்கள்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி பம்பு மோட்டார் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாகக் கடையில் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. நான் டைரி எழுதுகிற ஆள் இல்லை. தாராபுரத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவனுக்கு எழுதுவதற்கு என்ன இருக்கிறது? எழுத வைத்தது என் மகள் சுபாஷினி.

நேற்று கோயமுத்தூரிலிருந்து போன் செய்தாள். அடுத்த மாதம் அவளுக்கு ஏழாவது மாதம் பிறக்கிறது. கட்டுச்சோறு விருந்து வைக்க வேண்டும். வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு பெண்ணைப் பெற்றவர்கள் சம்பந்தி வீட்டுக்குப் போய், ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் பந்தி போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறாள் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. பக்கத்தில் என் மனைவி வசந்தாமணியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விருந்துக்கு வாங்கப்பா. ஆனா நீங்க ஓட்டற வண்டீல நான் ஏற மாட்டேன். பிரசவத்த இங்கயே பாத்துக்கறேன்."

காரணம் கேட்டால், சித்திரைக்கு வந்த அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது நான் போட்ட ஒரு சின்ன பிரேக்காம். அவ்வளவுதான். ஒரு பிரேக். பிரேக் போடாமல் ஓட்டினால்தானே குற்றம்?

கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். ஒரு மாதம் பார்ப்பாளாம். "ரோட்டுல யாரையாச்சும் திட்டோணும்னு வந்துச்சுன்னா வாயத் தொறக்காதீங்க. ஊட்டுக்கு வந்து ஒரு நோட்டுல எழுதி வெய்யுங்க. அம்மா சரின்னு சொன்னா நான் வாரேன்." பெற்ற மகளுக்கு வாத்தியார் வேலை, கட்டியவளுக்கு இன்ஸ்பெக்டர் வேலை. எனக்கு மாணவன் வேலை.

முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். இன்றுவரை நான் யார் மேலும் மோதியது கிடையாது. என் மேல் வந்து மோதியவர்கள் உண்டு. அது அவரவர் கவனக்குறைவு. இருந்தாலும் என் பேரப்பிள்ளை கோயமுத்தூரில் பிறந்து, நான் விருந்தாளி மாதிரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

இன்று வாய்க்குள்ளேயே நின்றவை:

பஸ் நிலைய முனையில் மொபெட்டில் தீவனப் புல் கட்டிக்கொண்டு போனவனுக்கு: ரோடு என்ன உங்கொப்பன் தோட்டத்து வரப்பா?

பெரிய கடைவீதியில் நடு ரோட்டில் ஆட்டோவை நிறுத்தி போன் பேசியவனுக்கு: பேசு ராசா, வெத்தல பாக்கு கொண்டாரட்டா?

கதவைத் திறந்து காறித் துப்பிய லாரிக்காரனுக்கு எழுதியதை அடித்துவிட்டேன். வசந்தாமணி எட்டிப் பார்க்கிறாள்.

எழுத எழுதத்தான் வருகிறது. ஆனால் சூடு ஆறிப்போகிறது. திட்டு என்பது போண்டா மாதிரி, எடுத்த உடனே கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

என் கொள்கைகளை ஒருதரம் எழுதி வைப்பது நல்லது. பின்னால் யாராவது தப்பாகப் பேசக் கூடாது.

இண்டிகேட்டர் போடுவதில்லை. நான் எந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்பதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்வது எனக்குப் பிடிக்காது. வியாபாரத்திலும் அப்படித்தான்.

சீட் பெல்ட், போலீஸ் நிற்கிற இடத்தில் போடுவேன். மரியாதைக்கு.

என்னை ஒருவன் முந்தினால் அவன் என் வண்டியை மட்டும் முந்துவதாக எனக்குத் தோன்றுவதில்லை. என் கடையை, என் வீட்டை, எங்கப்பன் பாட்டன் பேரையெல்லாம் சேர்த்து முந்திக்கொண்டு போகிறான். அதை எப்படி விடுவது? நான் மட்டும் முந்தலாமா என்று கேட்டால், எனக்கு வேலை இருக்கிறது, முந்துகிறேன்.

மருமகன் யுகேந்திரன் இதற்கெல்லாம் நேர் எதிர். பச்சை எரியும்போதே மஞ்சள் வந்துவிடுமோ என்று யோசிக்கிற ஆள். ஒருதரம் அவர் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பூர் போனேன். வழியில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டைத் தாண்டியது. கடைசிக் குட்டி தாண்டுகிற வரைக்கும் நின்றார். அப்புறம் ஆட்டுக்காரனுக்குக் கையை வேறு காட்டினார். அந்த ஆட்டுக்காரனே பயந்துவிட்டான்.

என்னைக் கண்டால் ஊரே ஒதுங்கி வழிவிடுகிறது. பஸ்காரர்கள்கூட. அந்த மரியாதை ஒரு நாளில் வந்ததா என்ன?

ஜூன் 8, சனி

முன் பம்பரைப் பார்க்க மெக்கானிக் இபுராகிம் பாய் பட்டறைக்குப் போனேன். சித்திரையிலேயே எலி கடித்திருக்கும் என்று சொன்னேன். குனிந்து பார்த்தார்.

"அண்ணா, எலி ரெண்டு சட்டி மணலயும் கொண்டாந்து வெச்சிருக்குதுங்ணா."

காற்றடி காலம். மணல் எல்லா இடத்திலும்தான் பறக்கிறது என்றேன். சித்திரையில் காற்றடி காலம் ஏது என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

ஜூன் 10, திங்கள்

வசந்தாமணியின் பரீட்சை தொடங்கிவிட்டது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் நான் நடித்துவிடுவேனாம். அதனால் தூக்குப்போசி நிறைய மோர் ஊற்றி, மூடியைக் கழற்றிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து கடைக்குப் போய்விட்டு, சந்தையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். மோர் சிந்தினால் பெயில்.

"எதுக்குடி மோரு? தண்ணி வெச்சுக்கக் கூடாதா?"

"தண்ணின்னா காஞ்சு போயிரும். மோருன்னா நாத்தம் நிக்கும். நீங்க மறந்தாலும் வண்டி மறக்காது."

முதல் முக்கிலேயே பாதி மோர் அவள் சேலையில். இரண்டாவது முக்கில் மீதி. கடைக்கு வந்து சேரும்போது அவள் மடியில் காலிப் போசி இருந்தது. அங்கேயே இறங்கி நின்று சேலையைப் பிழிந்தாள். எதிர்க்கடை டீ மாஸ்டர், "என்னுங்கக்கா, மழைங்களா?" என்று வானத்தைப் பார்த்தார்.

ஜூன் 13, வியாழன்

மறுபடியும் பெயில். குறுக்கே வந்த நாய்க்குப் பிரேக் போட்டேன். நாயைக் காப்பாற்றியதற்கு மார்க் கிடையாதாம். நாயைத் தூரத்திலேயே பார்த்திருந்தால் பிரேக்கே தேவைப்பட்டிருக்காது என்கிறாள். நான் அந்த நேரத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவனைக் கண்ணாடியில் முறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் எப்படிப் பார்ப்பது?

ஜூன் 15, சனி

வண்டிக்குள் புளித்த நாற்றம் தாங்கவில்லை. சீட்டுக்கு அடியில் எறும்பு. மடத்துக்குளத்துக் கஸ்டமர் ஒருவர் ஏறியவுடன், "மாடு கீடு வாங்கியிருக்கறீங்களா?" என்றார்.

ஜூன் 20, வியாழன்

பாஸ். ஒரு சொட்டு சிந்தவில்லை. இருபத்தைந்தில் ஓட்டினேன். சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

வசந்தாமணி வீட்டுக்கு வந்ததும் அந்த மோரையே டம்ளரில் ஊற்றி எனக்குக் கொடுத்தாள். உப்பும் கறிவேப்பிலையும் போட்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

மூன்று நாளாகத் தொடர்ந்து பாஸ். சுபாவிடம் போனில் வசந்தாமணியே சொன்னாள்: "உங்கப்பன் மனுசனாயிட்டாரு." இத்தனை நாள் என்னவாக இருந்தேன் என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். நல்ல நேரத்தில் எதற்கு என்று மூடிக்கொண்டேன்.

ஜூன் 26, புதன்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

குண்டடத்தில் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் இறக்கிவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தேன். மடியில் மோரோடு பக்கத்தில் யாரும் இல்லை. ஆள் இல்லாத அறையில் பரீட்சை ஏது? ஆனாலும் நான் அறுபதில்தான் வந்தேன். அப்போது சாம்பல் நிறத்தில் ஒரு புதுக் கார், நம்பர் கூட எழுதாதது, பின்னால் வந்து, விளக்கைப் போட்டு, அமைதியாக என்னை முந்திப் போயிற்று. ஹாரன்கூட அடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ஒருவன் ரோட்டில் இருப்பதாகவே அவன் கண்டுகொள்ளவில்லை.

அதன் பிறகு நடந்ததற்கு என் கால்தான் பொறுப்பு. அழுத்தியது அதுதான். எண்பது. தொண்ணூறு. எதிரே தேங்காய் லாரி வந்தது, ஒருவன் மண்ணில் இறங்கினான், யார் யாரோ கத்தினார்கள். ஊருக்குள் நுழைகிற இடத்து வேகத்தடையில் அவன் மெதுவானான். நான் சுற்றி வளைத்துக் குறுக்கே நிறுத்தினேன். இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"கண்ணு பொடனீல இருக்குதாடா எருமை? எறங்குடா கீழ!"

கண்ணாடி மெதுவாக இறங்கியது. உள்ளே என் சம்பந்தி அர்த்தனாரி.

"எறங்கறமுங்க சம்பந்தி," என்றார். "வெத்தலபாக்கு வெச்சுத் தேதி சொல்லிப்போடலாம்னு உங்கூட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கறம். வண்டி போன வாரந்தான் எடுத்தது. உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது."

பக்கத்தில் சம்பந்தியம்மா தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பூ இருந்தது. வாழைப்பழம் முழுவதும் அவர் காலடியில் கிடந்தது. நான் குனிந்து ஒவ்வொரு பழமாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்புறம் அவர்கள் முன்னால் போக, நான் பின்னால் இருபதில் போனேன்.

வீட்டில் காபி குடித்தார்கள். மழை மாரி பற்றிப் பேசினார்கள். விருந்தை ஜூலை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கிளம்பும்போது அர்த்தனாரி செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"விருந்து முடிஞ்சு பொண்ண நாங்களே கொண்டாந்து உட்டுடறமுங்க. இல்லாட்டி அங்கயே இருந்துட்டுப் போகட்டும். நீங்க எதுக்குங்க சிரமப்படோணும்."

அவர் குரலில் துளி கோபம் இல்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பெண்ணைப் பெற்றவன் போய் அழைத்து வருவதுதானே முறை? ஆனாலும் தலையை ஆட்டினேன்.

அதே நாள், சாப்பிட்ட பிறகு

வசந்தாமணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வாழைப்பழத்தில் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். கேட்டாள், சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"சித்திரைல ஒரு பிரேக்குன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க. அந்தப் பால் வண்டிக்காரன் உங்க மேல சேத்துத் தண்ணி அடிச்சான்னு, நாலு மாசக்காரிய பின்னால வெச்சுக்கிட்டு பொங்கலூரு வரைக்கும் தொரத்துனீங்க. அப்பா அப்பான்னு கத்துனாளே, காதுல உழுந்துச்சா? மணல் குமியல்ல ஏறி நின்னோம். மணல் குமியலா இருக்கப் போயி. செவுரா இருந்திருந்தா?"

"ஒண்ணும் ஆவலயேடி."

"அன்னிக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போயி ஸ்கேன் பாத்தாங்க. உங்களுக்குத் தெரியுமா? வகுத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாமா. மாமாகிட்டச் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாருன்னு மாப்பிள்ளதான் சொல்லீருக்கறாரு."

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டிக்கு நின்ற அந்தப் பையன் இதை என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

வண்டியை எடுக்கவில்லை. கடைக்கு நடந்து போனேன்.

ஜூன் 28, வெள்ளி

திருப்பூரில் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. தனியார் பஸ்ஸில் போனேன். பஸ் ஏறி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. முன் சீட்டில், டிரைவருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. அவனும் இன்னொரு பஸ்காரனும் போட்டி போட்டுக்கொண்டு பறந்தார்கள். வளைவில் எதிரே டிராக்டர் வருகிறது, இவன் முந்துகிறான். இரண்டு கையாலும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தேன். என்னை அறியாமல் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

"தம்பி, மெதுவாப் போப்பா! புள்ள குட்டி எல்லாம் உக்காந்திருக்குது!" என்று கத்திவிட்டேன்.

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். முகமெல்லாம் பல். "அட, சென்னியப்பண்ணனுங்களா! நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்ணா? உங்க வண்டி கண்ணாடில தெரிஞ்சாப் போதும், நாங்க எல்லாரும் ஓரங்கட்டிருவமுங்க. சென்னியப்பண்ணனுக்கு வழி உடுங்கடான்னு கண்டக்டரு குரல் குடுப்பான்."

"அது ஒரு மரியாதைதானப்பா."

"மரியாதைதானுங்ணா. கடிக்கற நாய் இருக்கற ஊட்டு முன்னால தள்ளிப் போவமல்லங்க, அந்த மாதிரி மரியாதை."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அது?" என்றார். பேரனை மடியில் ஏற்றி அந்தப் பக்கமாக உட்கார வைத்துக்கொண்டார். வண்டி ஓட்டாதபோதும் என்னிடமிருந்து பிள்ளையைத் தள்ளி வைக்கிறார்கள்.

ஜூலை 1, திங்கள்

சுபாவுக்குப் போன் செய்தேன். முதல்தடவையாக ஸ்பீக்கரில் போடாமல், கடைக்குப் பின்னால் போய் நின்று பேசினேன். நானேதான் வந்து அழைத்துப் போவேன், அதுதான் முறை, உன் மாமனாரிடம் சொல் என்று அடித்துப் பேசுவதாகத்தான் இருந்தேன். வாயில் வேறு வந்துவிட்டது.

"பஸ்ல போனேன் சாமி. பயமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள்.

"எனக்கு உங்க மேல கோவமே இல்லீங்கப்பா. பயந்தான். கோவமா இருந்தா சண்ட போட்டுச் சரி பண்ணிக்கலாம். பயத்த என்னுங்க பண்றது?"

"ஸ்கேன் பாத்தியாமா."

"அம்மா சொல்லிப்போட்டாங்களா?"

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கை கால் எல்லாம் ஆட்டுச்சு."

அப்புறம் அவள்தான் பேசினாள். "சரி, வாங்க. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க. மாமாகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா நடு வழீல எறங்கோணும்னு சொன்னேன்னா, எதுக்கு ஏன்னு கேக்காம எறக்கி உட்டுரோணும்."

சரி என்று சொன்னேன். இந்த மாதிரி ஒரு நிபந்தனைக்கு நான் வியாபாரத்தில் ஒத்துக்கொண்டதே கிடையாது.

ஜூலை 3, புதன்

இபுராகிம் பாய் பட்டறையில் என் வண்டியிலிருந்த ஏர் ஹாரனைக் கழற்றச் சொன்னேன். "நல்ல ஹாரனுங்ணா, வெளிநாட்டுச் சாமான். யாருக்காச்சும் வித்துக் குடுக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம் பாய். அது யாரு கைக்கும் போகக் கூடாது."

ஹாரன் இல்லாமல் கடைவீதியைத் தாண்ட முடியாது என்று நினைத்திருந்தேன். தாண்டினேன். எல்லாரும் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஜூலை 6, சனி

வசந்தாமணி புளி கரைக்கிறாள், தேங்காய் துருவுகிறாள், வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. ஏலக்காய் வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன். சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். போய் மாற்றி வந்தேன். இண்டிகேட்டர் போட்டேன். இரண்டு தடவையும்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். போய்ச் சேர்ந்து, பந்தி போட்டு, சுபாவுக்கு மஞ்சள் பூசி வளையல் போட்டார்கள். வயிறு நன்றாகத் தெரிகிறது. என்னைப் பார்த்ததும், "ஏனுங்கப்பா எளச்சுப் போயிட்டீங்க?" என்றாள். நடக்கிறேன், பஸ்ஸில் போகிறேன், இளைக்காமல் என்ன செய்யும்?

மதியம் ஒன்றரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். ஆனால் போட்டோக்காரன் விடவில்லை. அப்படி நில்லுங்க, இப்படிச் சிரிங்க என்று இழுத்தடித்து, நாங்கள் வண்டி ஏறும்போது இரண்டரை தாண்டிவிட்டது.

அர்த்தனாரி வாசல் வரைக்கும் வந்தார். ஏதோ சொல்ல வந்தார். அப்புறம், "பாத்துப் போங்க சம்பந்தி," என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை யுகேந்திரன் சுபாவின் முதுகுக்குத் தலையணை வைத்தார், பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே வருகிற மாதிரி மாட்டிவிட்டார், கதவை மூடினார். மூடின பிறகும் கைப்பிடியை விடாமல் நின்றார். நான் காத்திருந்தேன். அவராக விடும்வரை வண்டியை எடுக்கவில்லை.

சூலூர் தாண்டினோம். பல்லடத்தில் கூட்டம். ஒருவன் குறுக்கே வந்தான், விட்டேன். இன்னொருவன் வந்தான், அவனையும் விட்டேன். கண்ணாடியில் சுபா என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் எங்கே இறங்கச் சொல்வாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். பொங்கலூர் வந்தது. அந்த மணல் குமியல் இருந்த இடத்தில் இப்போது ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் வைத்துவிட்டார்கள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனேன்.

பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். சிவப்புக் கார். இடதுபக்கம் வருகிறான், வலதுபக்கம் வருகிறான், முகப்பு விளக்கை அடிக்கிறான். கடைசியில் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினான். இளவட்டம்.

"பெருசு! ஊட்டுல சொல்லீட்டு வந்தியா? ஓட்டத் தெரியாட்டி மாட்டு வண்டி வெச்சுக்க வேண்டியதுதான?"

முப்பது வருட அனுபவம் மொத்தமும் என் நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல நல்ல வார்த்தைகள். வாயைத் திறந்தேன். அதே நேரம் பின்னாலிருந்து வசந்தாமணி என் தோளைத் தொட்டாள்.

"மெதுவா. தூங்கறா."

கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். சுபா அம்மா தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது.

நான் வாயை மூடினேன். சிவப்புக் காருக்குக் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். போய்விட்டான். எங்கப்பன் பாட்டன் பேரையெல்லாம் முந்திக்கொண்டு போனான், போகட்டும்.

குண்டடம் வரும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. வசந்தாமணி போனில் மணி பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் என் காதுக்குக் கிட்டே வந்தாள்.

"ஏனுங்க. இப்படியே போனா ராகு காலம் வந்துரும். கொஞ்சம் அழுத்துங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. நின்று ஒருதரம் ரசித்திருக்கலாம். ஆனால் ரோடு மோசமாக இருந்தது. குழி குழியாக இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"எந்திரிச்சுக்குவா," என்றேன்.

"நல்ல நேரம் போயிருமுங்க."

"போனாப் போகுது. தூங்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் கேட்டேன். "இவ சின்னதுல இருந்தே கார்ல தூங்க மாட்டாளே? வேடிக்க பாத்துக்கிட்டேதான வருவா?"

"வேடிக்கையா?" என்றாள் வசந்தாமணி. "கதவுக்கு மேல இருக்கற புடியப் புடிச்சுக்கிட்டு, ரோட்டப் பாத்துக்கிட்டு வருவா. அந்தப் பக்கத்துப் புடி அவளுக்கு, இந்தப் பக்கம் எனக்கு. நீங்க ஓட்டி நாங்க எப்பங்க தூங்குனோம்?"

அப்புறம் ரோடு கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் அவள் விழிக்கவில்லை. எனக்குக் கியர் போடத் தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டு முன்னால் வந்து நிற்கும்போது நாலே முக்கால். எதிர் வீட்டு ருக்குமணியக்கா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். "ராகு காலம். ஆறு மணிக்கு மேலதான் எறங்கறம்," என்று ஜாடையாகச் சொன்னேன். சரி, நான் திரியை அணைத்துவிட்டு வருகிறேன் என்று அவரும் ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போனார். வசந்தாமணி மெதுவாகச் சிரித்தாள். அப்புறம் அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏசி நிற்கக் கூடாது என்று இஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தேன். என் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. தெருவில் போகிறவர்கள், நின்றிருக்கிற வண்டியில் இவன் என்ன ஓட்டுகிறான் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தரை இருக்கும். சுபா கொஞ்சம் புரண்டாள். கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"வந்துட்டமாங்கப்பா?"

"இன்னும் கொஞ்ச தூரம் இருக்குது," என்றேன். "நீ தூங்கு சாமி."